கம்பத்தின் முதுகில் ஒரு குறி

ஆர்லன் உன்ரூ முப்பத்தாறு வருஷம் ஆல்டன்ஃபெல்ட் கூட்டுறவுத் தானியக் கிடங்கில் ஈரம் பார்த்தார். கோதுமை லாரி எடைமேடையில் வந்து நிற்கும். நீளக் குழாயைக் குவியலுக்குள் குத்தி எடுத்து, ஒரு கைப்பிடி மணியை மீட்டரில் போடுவார். பதின்மூன்றரை சதவீதத்துக்கு மேல் ஈரம் காட்டினால் வண்டி திரும்ப வேண்டியதுதான். ஒரு மணியைக் கடித்தாலே அவருடைய பல்லுக்குத் தெரிந்துவிடும். இருந்தாலும் மீட்டரைப் பார்த்துத்தான் வாயைத் திறப்பார். ஒரு ஜூன் மாதம், மேற்கே மழை கறுத்து நிற்கும்போது, சொந்த அண்ணன் எல்வின் கொண்டுவந்த லாரி பதின்மூன்று புள்ளி எட்டு காட்டியது. திருப்பி அனுப்பினார். அன்று ராத்திரி மழையில் மிச்சக் கோதுமையும் வயலிலேயே படுத்துவிட்டது. அண்ணன் நாலு வருஷம் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சபையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே பாட்டுப் புத்தகத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு பாடினார்கள். பேசவில்லை.

கல்யாணம் ஆகவில்லை. ஒருமுறை ஒரு பெண்ணைக் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். யோசிக்க விட்டுவிட்டார்.

அவருக்கு இருந்தது டெல்மர் பென்னர். பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவர். பிறகு அதே பள்ளிக்கூடத்தில் தச்சு வேலை சொல்லிக்கொடுத்தவர். ஆர்லன் ஒரு நாள் முழுக்கப் பேசுவதை டெல்மர் செருப்பு மாட்டுவதற்குள் பேசிவிடுவார். இரண்டு பேருக்கும் ஐம்பத்தேழு வயதாகும்போது சைக்கிள் பயணம் தொடங்கியது. நாட்டின் ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரைக்குப் போகும் சைக்கிள்காரர்கள் ஆல்டன்ஃபெல்ட் வழியாகத்தான் போவார்கள். ஊர்ப் பூங்காவில் கூடாரம் அடித்துத் தூங்குவார்கள். ஒரு சாயங்காலம் டெல்மர் அவர்களில் இரண்டு பேரிடம் பேசிவிட்டு நேராகக் கிடங்குக்கு வந்தார்.

"இவங்க எழுபது நாள்ல கடலுக்குக் கடல் போறாங்களாம்டா."

"சரி."

"நாம பதினஞ்சு வருஷத்துல போவோம்."

வர்ஜீனியாவில் அட்லாண்டிக் கடலில் பின்சக்கரத்தை நனைத்துவிட்டுக் கிளம்பினார்கள். வருஷத்துக்குப் பத்து நாள், செப்டம்பரில். பத்தாவது நாள் எங்கே நிற்கிறார்களோ அங்கிருந்து ஊர் திரும்புவார்கள். அடுத்த வருஷம் அதே இடத்தில் போய் இறங்குவார்கள்.

இரண்டு விதிகள் வைத்திருந்தார்கள். ஒன்று டெல்மர் போட்டது. பாட முடியாத வேகத்தில் போகக் கூடாது. சபையில் டெல்மருக்குக் கீழ்க்குரல், ஆர்லனுக்கு மேல்குரல். மேடானாலும் எதிர்க்காற்றானாலும் இரண்டு குரலும் சேர்ந்து வர வேண்டும். ஒருவருக்கு மூச்சு வாங்கினால் இருவரும் இறங்கித் தள்ள வேண்டும்.

மற்றது ஆர்லன் போட்டது. ஓர் அங்குலம் விடக் கூடாது. அந்த வருஷம் நிறுத்திய இடத்திலுள்ள மைல் கம்பத்தின் முதுகில், கிடங்கில் பலகைக்குக் குறி போடும் சிவப்பு மெழுகுக் குச்சியால் ஒரு கோடு இழுத்துத் தேதி போடுவார். அடுத்த வருஷம் பின்சக்கரம் அந்தக் கோட்டுக்கு நேராக நின்ற பிறகுதான் கால் மிதியில் ஏறும். யாருடைய வண்டியிலும் ஏறக் கூடாது. சைக்கிள் உடைந்தால் மட்டும் ஏறலாம். ஏறினால் அங்கே குறி போட்டுவிட்டு, திரும்ப அதே கம்பத்துக்கு வந்து தொடங்க வேண்டும்.

நாளுக்கு இருபத்தைந்து மைல். சில நாள் பதினைந்து. வேகமாகப் போகும் இளைஞர்கள் தாண்டும்போது, "தாத்தா, வீட்டையும் மூட்டை கட்டிக்கிட்டு வந்துட்டீங்களா?" என்பார்கள். டெல்மர், "இல்லப்பா, பொண்டாட்டி உள்ளே இருக்கா, வீட்டை விட்டுட்டு வந்துட்டேன்" என்பார். காலையில் பதினோரு மணிக்கே ஏதாவது சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்துவிடுவார்கள். இரண்டு காபி, ஒரு துண்டு ஆப்பிள் பை, இரண்டு முள்கரண்டி. அந்த ஊர்க் கிழவர்கள் எல்லாருக்கும் பேச விஷயம் இருக்கும், மழையோ மாட்டு விலையோ. ஒவ்வொரு ஊரும் தெரிவதற்கு முன் மணம் வரும். குதிரைமசால் தீவனம் அரைக்கும் ஆலை, மாட்டுக் கொட்டடி, தார். சின்னச் சின்ன நூலகங்களில் போய்ப் பழைய செய்தித்தாளில் மரண அறிவிப்புகளை வாசிப்பார்கள். மதியம் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஏதாவது மரத்தடியில் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு படுத்துவிடுவார்கள். ரோட்டோரத்தில் லாரிகளிலிருந்து விழுந்து கிடக்கும் ஸ்பேனர்களை டெல்மர் பொறுக்குவார். ஒன்பது வருஷத்தில் பதினேழு ஸ்பேனர். துருவைத் தேய்த்து எண்ணெய் போட்டுத் தன் பட்டறைச் சுவரில் வரிசையாக மாட்டி, கீழே ஊர்ப் பெயரை எழுதி வைத்தார்.

ஆறாவது வருஷம் பாதை சொந்த ஊர் வழியாகப் போனது. டெல்மர் வீடு பூங்காவிலிருந்து மூன்று தெரு. ஆனால் சைக்கிள்காரர்கள் பூங்காவில்தான் தூங்குவார்கள் என்று இவர்களும் பூங்காவில் கூடாரம் அடித்தார்கள். டெல்மரின் மனைவி லவோன் ஒரு பாத்திரத்தில் பாலாடைக்கட்டி அடைத்த கொழுக்கட்டையும் பன்றி இறைச்சிக் குழம்பும் கொண்டுவந்து புல்லில் வைத்தாள்.

"ஊர்ல உங்களைப் பத்தி என்ன பேசிக்கிறாங்க தெரியுமா?" என்றாள்.

"என்ன?"

"லவோன் துரத்திட்டாளான்னு கேக்குறாங்க."

ஆர்லனின் வாழ்க்கையில் வருஷத்துக்குப் பத்து நாள்தான் இப்படி. மற்ற நாட்களில் அவர் அந்தப் பத்து நாளுக்காகக் காத்திருந்தார் என்று சொல்ல முடியாது. காத்திருப்பது போலத் தெரியாது. ஆனால் ஆகஸ்டில் செயினுக்கு எண்ணெய் போடும்போது வீட்டில் தனியாக மேல்குரல் பாடுவார்.

பத்தாவது வருஷம், பயணத்தின் ஆறாம் நாள், வயோமிங்கில் ராலின்ஸிலிருந்து மேற்கே கிளம்பினார்கள். அந்தப் பக்கம் சாம்பல் நிறப் புதரும் கம்பி வேலியும் தவிர ஒன்றும் கிடையாது. தொலைபேசி எடுக்காது. அடுத்த பெரிய ஊர் லேண்டர், நூறு மைலுக்கு மேல். எட்டாம் நாள் காலை பத்து மணிக்கு டெல்மர் சைக்கிளை ஓரங்கட்டினார்.

"என்னடா?"

"வலது கை மரத்துப்போன மாதிரி இருக்கு. ஹேண்டிலைப் பிடிச்சிருக்கேனா இல்லையான்னே தெரியல."

"கையுறையைத் தளர்த்திக்கோ."

"கையுறையே போடலடா நான்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். டெல்மர் ரோட்டோரம் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். கொஞ்சம் தண்ணீர் வாயோரம் வழிந்தது. அப்போது பின்னாலிருந்து ஒரு வெள்ளைப் பிக்கப் வண்டி வந்து நின்றது. வைக்கோல் கட்டுகள் ஏற்றியிருந்தது. ஓட்டிவந்தவர் ஐம்பது வயது மாட்டுப் பண்ணைக்காரர். ராய்ஸ் டில்லட்சன் என்ற அவருடைய பெயர் அன்று மதியத்துக்கு மேல்தான் தெரிந்தது.

"என்ன பெரியவங்களே, எதிர்க்காத்துல வந்து மாட்டிக்கிட்டீங்களா? ஏறுங்க. சைக்கிளை வைக்கோல் மேல போட்டுக்கலாம். லேண்டர்னாலும் கொண்டுபோய் விடுறேன். எனக்கு ஒண்ணும் வேலை கெட்டுப் போகாது."

டெல்மர் எழுந்துபோய் வண்டிக் கதவில் இடது கையை வைத்தார்.

"போய் ஒரு காபியைக் குடிச்சுட்டு, நாளைக்கு இங்கேயே வந்து தொடங்கலாம்டா. விதியில இடம் இருக்குல்ல."

"சைக்கிள் உடைஞ்சாத்தான். சைக்கிள் உடைஞ்சிருக்கா?"

"நான் உடைஞ்சிருக்கேன்."

"நீ எப்பவுமே உடைஞ்சவன்தான். டெல்மர், இன்னும் ரெண்டு நாள்தான் இருக்கு. போயிட்டுத் திரும்பி வந்தா இந்த வருஷம் லேண்டர் கிடையாது. மெதுவாவே போவோம். நமக்கென்ன அவசரம்?"

டெல்மர் கதவிலிருந்து கையை எடுத்தார்.

"இவன் ஈரம் பாக்குறவன்," என்று பண்ணைக்காரரிடம் சொன்னார். "பாயின்ட் மூணுகூட விடமாட்டான்."

வண்டி போய்விட்டது.

அதற்குப் பிறகு ஒன்பது மைல். எதிர்க்காற்றில் அந்த ஒன்பது மைலுக்குக் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் ஆனது. பாதி தூரம் இறங்கித் தள்ளினார்கள். ஆர்லன் முன்னால் போனார், காற்றைத் தான் வாங்கிக்கொள்வதற்காக. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு மான் கூட்டம் நெடுந்தூரம் கூடவே வந்தது. வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஆர்லன் பாடினார். பின்னாலிருந்து கீழ்க்குரல் வரவில்லை. காற்று அடித்துக்கொண்டு போகிறது என்று நினைத்தார். ஒருமுறை திரும்பிப் பார்த்தபோது டெல்மரின் சைக்கிள் ரோட்டின் நடுக்கோட்டுப் பக்கம் ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தது. மானைப் பார்க்கிறார் என்று நினைத்தார். அவர்கள் மெதுவாகப் போகிறவர்கள். அதனால் ஒருவர் மெதுவாகிப்போனது தெரியவில்லை.

அது ஒரு நல்ல காலை. ஆர்லன் பிறகு யாரிடமும் சொல்ல முடியாமல் போன விஷயங்களில் அதுவும் ஒன்று. அந்த இரண்டு மணி நேரமும் அவர் சந்தோஷமாக இருந்தார்.

பன்னிரண்டு மணிக்கு ஆர்லனுக்குப் பின்னால் சைக்கிள் விழும் சத்தம் கேட்டது. டெல்மர் வலது பக்கமாகச் சாய்ந்து கிடந்தார். கண் திறந்திருந்தது. வாய் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. ஆர்லன் அவர் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அரை மணி நேரம் கழித்து மேற்கிலிருந்து ஒரு வண்டி வந்தது. அதே வெள்ளைப் பிக்கப். வைக்கோலை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது.

ராய்ஸ் டெல்மரின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார். ஆர்லன் காலைப் பிடித்தார். முன் இருக்கையில் வைத்தார்கள். ராய்ஸ் அவரைச் சாயாமல் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தபோது, ஆர்லன் பக்கத்தில் இருந்த மைல் கம்பத்தின் பின்னால் குனிந்து நின்றார். சட்டைப் பையிலிருந்து மெழுகுக் குச்சியை எடுத்துக் கோடு இழுத்து, தேதி போட்டுக்கொண்டிருந்தார்.

கை தானாகச் செய்தது. பத்து வருஷப் பழக்கம். ராய்ஸ் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் காலை லவோன் லேண்டர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தாள். முப்பது வருஷம் ஊர்த் தபால் நிலையத்தை நடத்தியவள். டாக்டர் அவளிடம், இந்த மாதிரிப் பக்கவாதத்துக்கு முதல் அறிகுறி தெரிந்ததிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் வந்திருந்தால் மருந்து கொடுத்திருக்கலாம் என்றார். அவள் அதைத் தன் கைப்பையில் இருந்த உறையின் பின்பக்கம் எழுதிக்கொண்டாள். பிறகு வராந்தாவுக்கு வந்தாள்.

"ஆர்லன், அந்த ரோட்டுல அத்தனை நேரம் ஒருத்தருமா வரல?"

"ஒருத்தரும் வரல," என்றார்.

முப்பத்தாறு வருஷம் மீட்டரில் காட்டியதை அப்படியே சொன்னவர். அதனால் அவள் மறுபடி கேட்கவில்லை.

டெல்மர் இப்போது ஊரிலுள்ள பராமரிப்பு இல்லத்தில் இருந்தார். வலது கையும் வலது காலும் அசையாது. பேச்சு இல்லை. ரொட்டி என்று சொல்ல வராது. ஆனால் பாட்டு வந்தது. யாராவது தொடங்கினால் கீழ்க்குரல் வார்த்தை பிசகாமல் வரும். பாட்டு முடிந்ததும் மறுபடியும் ஒன்றும் இருக்காது. ஆர்லன் ஒவ்வொரு வியாழக்கிழமையும் போய்ப் பாடினார். டெல்மர் இடது கண்ணால் அவரைப் பார்த்துக்கொண்டே பாடுவார். அந்தப் பார்வையில் என்ன இருக்கிறது என்று ஆர்லன் ஒன்பது மாதம் தேடினார். ஒன்றும் தெரியவில்லை.

ஜூன் மாதம் லவோன் சொன்னாள்: "பேச்சுப் பயிற்சி குடுக்குற பொண்ணு, அவருக்குப் பிடிச்ச இடத்துக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லுது. நான் அந்த ரோட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்னு இருக்கேன்."

"எந்த ரோட்டுக்கு?"

"எந்த ரோடுன்னு கேக்குறியே. நீ வந்து வண்டியை ஓட்டு. அந்த டில்லட்சன் மனுஷனையும் பாக்கணும். கிறிஸ்துமஸ் அட்டை போட்டேன், பதில் போட்டிருந்தாரு. அவருக்கு ஒரு நன்றிகூட நேர்ல சொல்லல நான். அவரு மட்டும் அந்தப் பக்கமா வரலைன்னா?"

ஆர்லன், "கோதுமை அறுப்பு வருதே," என்றார்.

"நீ ரிட்டயர் ஆகி ரெண்டு வருஷம் ஆச்சு," என்றாள் லவோன். "உன் சைக்கிளையும் பின்னாடி கட்டிக்கோ. அந்த இடத்துலருந்து ஒரு மைலாவது நீ ஓட்டு. அவரு பாக்கட்டும்."

வேனில் போனார்கள். நடு இருக்கையில் டெல்மர், அவர் பக்கத்தில் லவோன். நாலு வருஷம் சைக்கிளில் போன ரோடு ஒன்றரை நாளில் ஓடியது. எந்த ஊருக்கும் மணம் வரவில்லை. கண்ணாடி ஏற்றியிருந்தது. ஒவ்வொரு வருஷமும் குறி போட்ட கம்பத்தைத் தாண்டும்போது ஆர்லனுக்குத் தெரிந்தது. அவர் சொல்லவில்லை. கொலராடோவில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு முன்னால் டெல்மர் ஜன்னலில் இடது கையால் தட்டினார். லவோன், "பாத்ரூமா?" என்றாள். இல்லை, ஆப்பிள் பை. ஆர்லனுக்கு அது தெரிந்தது. "ஆமா, பாத்ரூமாத்தான் இருக்கும்," என்று சொல்லி வண்டியை அடுத்த பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தினார். அந்தக் கடைக்குள் போய் மூன்று பேராக உட்கார அவரால் முடிந்திருக்காது.

ராலின்ஸில் தங்கினார்கள். மறுநாள் காலை விடுதிச் சாப்பாட்டு அறையில் வைத்துச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்தார். டில்லட்சன் சொல்வதற்கு முன் தான் சொல்லிவிட வேண்டும். லவோன் டெல்மருக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். கன்னத்தில் ஒட்டிய பாகைத் துடைத்துவிட்டு அவளாகவே பேசினாள்.

"ஆரம்பத்துல அந்த ரோட்டை நெனச்சாலே எனக்கு ஆத்திரமா வரும். ஒரு நாதி இல்லாத ரோடு. அப்புறம் அதுவே ஆறுதலாப் போச்சு. யாரையும் கோவிச்சுக்க வேண்டியதில்ல பாரு. காத்தைப் போய்க் கோவிச்சுக்க முடியுமா?"

ஆர்லன் காபியில் இரண்டாம் முறையாகச் சர்க்கரை போட்டார்.

"நீ சர்க்கரை போடமாட்டியே," என்றாள்.

பத்தரை மணிக்கு அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது லவோன் எழுதிக் கேட்டிருந்தபடி வெள்ளைப் பிக்கப் ஏற்கெனவே நின்றது. ராய்ஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அன்றைக்குப் போலவே மேற்கிலிருந்து காற்று. டெல்மரைச் சக்கர நாற்காலியில் இறக்கி, ரோட்டோரச் சரளையில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். லவோன் ஒரு துணிப் பையை ராய்ஸ் கையில் கொடுத்தாள். நேற்று முன்தினம் சுட்ட பன்களும் ஒரு பாட்டில் பிளம் ஜாமும்.

"இதுல உங்களுக்கு ஈடு கட்ட முடியாது."

"அட, என்னம்மா. தினம் வர்ற ரோடு. அன்னிக்கும் வந்தேன், அவ்வளவுதான்."

"நீங்க வர்ற வரைக்கும் ஒரு வண்டிகூட வரலியாமே."

ராய்ஸ் ஆர்லனைப் பார்த்தார். கொஞ்ச நேரம்தான். பிறகு தொப்பியைத் தலையில் வைத்து அழுத்திக்கொண்டார்.

"இந்த ரோடு அப்படித்தாம்மா," என்றார். "சில நாள் காக்கா குருவிகூட வராது."

ஆக, முடிந்தது. இனி யாரும் சொல்லப்போவதில்லை. ஆர்லன் வேனில் சாய்ந்துகொண்டார். இந்த மனிதருக்குத் தன்மேல் எந்தக் கடமையும் இல்லை. அவர் பொய் சொல்லியிருக்கிறார், சாதாரணமாக, ஒருவருக்குக் கதவைத் திறந்து பிடிப்பது போல.

லவோன் அந்த இடத்தைச் சுற்றிப் பார்த்தாள். அவர் எங்கே விழுந்தார், தலை எந்தப் பக்கம் என்று கேட்டாள். ஆர்லன் காட்டினார். அவள் மைல் கம்பத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்தாள். அங்கே நின்றாள்.

"இது என்ன? உங்க குறியா?"

"ஆமா."

குளிர்காலப் பனியில் கோடு கொஞ்சம் உரிந்திருந்தது. தேதி தெளிவாக இருந்தது. அவள் முப்பது வருஷம் தேதி முத்திரை குத்தியவள்.

"அன்னிக்குத் தேதி போட்டிருக்கு. எப்பப் போட்டே இதை?"

அப்போது டெல்மர் பாடத் தொடங்கினார். யாரும் தொடங்காமல் அவராகப் பாடியது அதுதான் முதல் தடவை. தனியாகக் கீழ்க்குரல் மட்டும் வந்தால் அது பாட்டு மாதிரியே இருக்காது. ஒரே இடத்தில் நின்று நின்று போகும். மேல்குரல் சேர வேண்டிய இடம் வந்தது. டெல்மர் நிறுத்தி, இடது கண்ணால் ஆர்லனைப் பார்த்தார். காற்றுச் சத்தம் மட்டும் இருந்தது. டெல்மர் முதலிலிருந்து தொடங்கினார். மறுபடி அதே இடத்தில் நிறுத்தினார்.

"இவர் அவனை வண்டியில தூக்கி வச்சப்போ," என்றார் ஆர்லன். "அப்பப் போட்டேன்."

லவோன் கம்பத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"லவோன், இவர் அன்னிக்கு ரெண்டு தடவை வந்தாரு. முதல் தடவை வந்தப்போ டெல்மர் கதவுல கை வச்சான். கை மரத்துப்போச்சுன்னு சொன்னான். நான்தான் ஏற வேண்டாம்னேன்."

ராய்ஸ், "எனக்கும் தெரியலம்மா, களைப்புன்னுதான்" என்று தொடங்கினார்.

"முதல் தடவை எத்தனை மணி?" லவோன் அவரைத்தான் கேட்டாள்.

"அம்மா..."

"மணி கேட்டேன்."

"பத்தேகால் இருக்கும்."

"ரெண்டாவது?"

"பன்னிரண்டரை."

அவள் உதடு அசைந்தது. இங்கிருந்து லேண்டருக்கு ஒரு மணி நேரம். அந்த உறை இன்னும் அவள் கைப்பையில் இருந்தது. அதை எடுக்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

"ஏற வேண்டாம்னு சொன்னப்போ அவரு என்ன சொன்னாரு?"

"என்னை ஈரம் பாக்குறவன்னான்."

அவள் மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்புக்கு அது முதல் பாதி. மறு பாதி வரவில்லை. அவள் நாற்காலிக்கு முன்னால் குனிந்து, டெல்மரின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

"உங்களுக்கு எல்லாம் தெரியும்ல," என்றாள். "ஒவ்வொரு வியாழக்கிழமையும் தெரியும்ல."

டெல்மர் அவளைப் பார்க்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

லவோன் வேனுக்குப் பின்னால் போய், சைக்கிளைக் கட்டியிருந்த பட்டைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். ராய்ஸ் உதவிக்குப் போனார். வேண்டாம் என்று கை காட்டினாள். சைக்கிளைத் தானே இறக்கி உருட்டிக்கொண்டு வந்து கம்பத்தில் சாய்த்து வைத்தாள்.

"ஓட்டு," என்றாள்.

"லவோன்."

"குறி போட்டு வச்சிருக்கேல்ல. வீணாப் போகக் கூடாது. ஓட்டு. நாங்க இவரு வீட்ல கொஞ்ச நேரம் இருந்துட்டு அப்படியே ஊருக்குப் போறோம்."

"அவ்வளவு தூரம் நீ தனியா எப்படி ஓட்டுவே?"

"நான் ஒன்பது மாசமாத் தனியாத்தான் இருந்திருக்கேன். எனக்குத்தான் தெரியல."

சத்தம் போடவில்லை. தபால் நிலைய ஜன்னலில் நின்று முகவரி சரியில்லை என்று சொல்லும் குரல்தான். டெல்மரை ராய்ஸும் அவளும் தூக்கி ஏற்றினார்கள். பிக்கப் முன்னாலும் வேன் பின்னாலும் ஒரு மண் ரோட்டில் திரும்பித் தெற்கே போயின. புழுதி அடங்க வெகுநேரமாயிற்று.

ஆர்லன் சைக்கிளைப் பிடித்தார். பின்சக்கரத்தைக் கோட்டுக்கு நேராக வைத்தார். வைத்த பிறகுதான் வைத்தது தெரிந்தது. எடுத்து வேறு இடத்தில் வைப்பதிலும் அர்த்தம் இல்லை. ஏறி மிதித்தார்.

பைகள் இல்லாததால் சைக்கிள் இலேசாக இருந்தது. காற்று அதைப் பக்கவாட்டில் தள்ளியது. தண்ணீர் இல்லை, கூடாரம் இல்லை, லேண்டர் அறுபது மைல். எங்கே போகிறோம் என்று அவர் யோசிக்கவில்லை. ஒரு சின்ன மேட்டில் மூச்சு வாங்கியது. பாட முடிகிறதா என்று பார்த்தார். மேல்குரலின் முதல் வரி வந்தது. இரண்டாம் வரியில் கீழ்க்குரலுக்காக ஓரிடத்தில் நிற்க வேண்டும். நின்றார். பிறகு தொடரவில்லை. இறங்கித் தள்ளினார். மான்கள் இல்லை. ரோட்டோரத்தில் ஒரு ஸ்பேனர் கிடந்தது. அதைத் தாண்டிப் போனார்.

நாலு மைல் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பின்னால் வண்டிச் சத்தம் கேட்டது. திரும்பவில்லை. பிக்கப் அவரைத் தாண்டி, ஒரு மைல் கம்பத்துக்குப் பக்கத்தில் போய் நின்றது. ராய்ஸ் இறங்கினார்.

"அந்த அம்மா கிளம்பிட்டாங்க," என்றார். "என் வீட்டுக்காரி ஏதோ சாப்பிடக் குடுத்தா. ரெண்டு வாய் சாப்பிட்டாங்க. நீங்க தண்ணிகூட எடுத்துட்டுப் போகலன்னு அவதான் சொன்னா."

"லவோன் அனுப்பினாளா?"

"இல்ல. அவங்க அனுப்பல."

ராய்ஸ் ஒரு பாட்டிலை நீட்டினார். ஆர்லன் குடித்தார்.

"சாயங்காலம் ராலின்ஸ்லருந்து கிழக்கே ஒரு பஸ் இருக்கு," என்றார் ராய்ஸ். "ஏறுங்க."

ஆர்லன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். ராய்ஸ் அதை அவர் கையிலிருந்து வாங்கி, வண்டியின் பின்பக்கம் தூக்கிப் போட்டு, ஒரு கயிற்றால் கட்டினார். கட்டி முடித்ததும் உடனே முன்னால் வரவில்லை. வண்டியின் அந்தப் பக்கமே நின்று, மலையைப் பார்ப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் எதற்காக நேரம் கொடுக்கிறார் என்று ஆர்லனுக்குப் புரிந்தது. கம்பம் பத்தடி தூரத்தில் இருந்தது. சட்டைப் பையில் மெழுகுக் குச்சி உடம்புச் சூட்டில் இளகி, துணியோடு ஒட்டியிருந்தது.

கதவுப் பிடி வெயிலில் சுட்டது. திறந்து ஏறி உட்கார்ந்தார்.

ராய்ஸ் வந்து வண்டியைக் கிளப்பாமல் கொஞ்சம் இருந்தார்.

"எதுவும் போடணுமா?" என்று கேட்டார்.

"இல்ல. போகலாம்."

பிக்கப் கிழக்கே திரும்பியது. மேற்கே போகும்போது கம்பங்களின் முகம்தான் தெரியும். இப்போது ஒவ்வொன்றாக முதுகைக் காட்டிக்கொண்டு வந்தன. வெறும் கம்பங்கள். நாலாவதில் சிவப்பு இருந்தது.